முகமாலையில் நாயை இருத்தி வைத்த பகல்

நான் பயந்தவள். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. லிஃப்ற் கதவு மூடும்போது, டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும்போது, தெரியாத இலக்கத்திலிருந்து போன் வரும்போது எனக்குப் பயம் வந்துவிடும். என் கணவர் இதற்கு நேர்மாறு. பயப்பட வேண்டிய இடத்திலும் பயப்பட மறந்துவிடுகிற மனிதர். இரண்டு பேரையும் கலந்து பாதி பாதியாகப் பிரித்தால் சாதாரண ஆட்கள் இரண்டு பேர் கிடைப்பார்கள் என்று என் தங்கை சொல்வாள்.

இப்படிப்பட்ட நான், நாற்பது வயதுக்கு மேல், ரொறன்ரோவில் ஐஸில் சறுக்கப் பழகினேன் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வளர்ந்தவர்களுக்கான வகுப்பு அது. போட்டி, பரிசு, மினுங்கும் உடுப்பு ஒன்றும் கிடையாது. ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டு போவது, முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே முதுகுப் பக்கமாகத் திரும்புவது, ஒரே இடத்தில் இரண்டு சுற்றுச் சுழல்வது. ஃபிகர் ஸ்கேற்றிங்கின் ஆனா ஆவன்னா, அரிவரி வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. மற்றப் பயங்களெல்லாம் என்னைத் தேடி வந்தவை. இது ஒன்றுதான் நானாகத் தேடிப்போன பயம். அதனாலோ என்னவோ அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கணவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்துத் திரும்பி வந்தோம். கொழும்பில் ஐஸ் மீன் சந்தையில்தான் இருந்தது. அடியில் உருளும் சில்லுப் பூட்டிய சப்பாத்து ஒரு சோடி தருவித்து, நாங்கள் இருந்த பிளாட்டின் மொட்டை மாடியில், பின்னேரங்களில், காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவில் என் அரிவரியைத் தொடர்ந்தேன். அந்த நாட்களில்தான் நாய் வந்தது. கீழே கார் நிறுத்துமிடத்தில், யாருடையதோ காருக்கு அடியில் முனகிக்கொண்டு கிடந்தது. மண்ணிறம், ஒரு காது மட்டும் மடிந்தது, சாதி கீதி எதுவும் இல்லை. இரண்டு நாளைக்கு மட்டும் வைத்திருப்போம் என்று கணவர்தான் சொன்னார். அதன்பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

அவர் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று ஆனதும், யாழ்ப்பாணப் பக்கம் இணுவிலில் பூட்டிக் கிடந்த அவருடைய பெற்றோரின் வீட்டுக்கே போய்விடுவோம் என்று முடிவெடுத்தோம். சாமான்கள் லொறியில் முதலில் போயின. நாயோடு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற முடியாது என்பதால் ஒரு வான் பிடித்தோம். ஐஸில் போடுகிற சப்பாத்தை ஒரு பையிலும் சில்லுச் சப்பாத்தை இன்னொரு பையிலும் வைத்து நானே மடியில் கொண்டுவந்தேன். "இணுவிலிலை எந்தக் குளம் உறையுது எண்டு உதைக் கொண்டு வாறாய்?" என்று கணவர் கேட்டார். என் தலை முழுவதும் நாயாகவே இருந்தது. வெக்கை தாங்குமா, யன்னலால் பாயுமா, இணுவில் ஒழுங்கை நாய்கள் கூடிக் கடிக்குமா. பயணத்துக்கு முதல்நாள் இதையெல்லாம் வரிசையாக யோசித்துப் பார்த்துக் களைத்துப்போனேன். பிறகு நடந்தது அந்த வரிசையில் இருக்கவில்லை.

வான் ஓட்டியவர் குருநகர்க்காரர். முன்னால் மாதாவின் சிறிய சொரூபம் ஒட்டியிருந்தது. ஆனாலும் முறிகண்டியில் நிறுத்தாமல் தாண்டிப்போக அவர் சம்மதிக்கவில்லை. வடக்கே போகிற வாகனம் எதுவானாலும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். "மாதா ஒண்டும் சொல்லமாட்டா அக்கா. பிள்ளையார்தான் கோவிப்பார்" என்றார். நாயைக் கொஞ்சம் நடக்கவிட அதுதான் நல்ல இடம். ஆனால் பஸ்களிலிருந்து இறங்கிய சனம், கச்சான் கடலை விற்பவர்களின் கூப்பாடு, அடுத்தடுத்துச் சிதறும் தேங்காய்களின் சத்தம். நாய் வெருண்டு ஓடிவிடும் என்று பயந்து, அதை வானுக்குள்ளேயே கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கணவர் மட்டும் இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கச்சானோடு வந்தார்.

அதன் பலனை ஆனையிறவு தாண்டியதும் கண்டேன். நாய் முனகத் தொடங்கியது. கதவைச் சுரண்டியது. என் முகத்தைப் பார்ப்பதும் யன்னலைப் பார்ப்பதுமாக இருந்தது. அடக்கி அடக்கி வைத்திருந்து இனி முடியாது என்கிறது என்று விளங்கியது. எங்காவது நிறுத்தச் சொன்னேன்.

"இஞ்சை வேண்டாம் அக்கா. கொடிகாமம் வரட்டும், நிப்பாட்டுறன்" என்றார் டிரைவர்.

கொடிகாமம் வரை அது தாங்காது. இரண்டு பக்கமும் வெறும் வெளியாக இருந்தது. வீடில்லை, சனமில்லை, கடையில்லை. வெளிநாட்டில் நாய் வைத்திருந்தவர்கள் நெடுந்தூரம் போகும்போது இப்படிப்பட்ட இடமாகப் பார்த்துத்தான் ஒதுக்கி நிறுத்துவார்கள். வெறுமையான இடம் பாதுகாப்பான இடம் என்பது அங்கே இருந்து பழகிய புத்தி. கணவருக்கும் அதே புத்தி. "ஒரு நிமிசம்தானே தம்பி, ஓரமா நிப்பாட்டும்" என்றார். டிரைவர் அரைமனதோடு நிறுத்தினார். "தாரை விட்டு இறங்காதேங்கோ" என்று மட்டும் சொன்னார். எதற்கெடுத்தாலும் நடுங்குகிற நான், அந்த இடத்துக்கு மட்டும் பயப்படவே இல்லை.

முகமாலை என்று பலகையில் எழுதியிருந்ததை இறங்கிய பிறகுதான் வாசித்தேன். சண்டைக்காலத்தில் வருடக்கணக்காக முன்னரங்காக இருந்த இடம். கொஞ்சம் தள்ளி, புல்லுக்குள், தலையில் சிவப்புப் பூசிய குட்டையான தடிகள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவில் மண்டையோட்டுப் படம் போட்ட பலகை ஒன்று. மிதிவெடி என்ற சொல்லை நான் வாசித்து முடிக்கும்போது, யாழ்ப்பாணம் போகிற தனியார் பஸ் ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது. நாய் துள்ளிப் பின்வாங்கியது. கழுத்துப் பட்டி காதுகளுக்கு மேலால் உருவிக்கொண்டு வாரோடு என் கையில் வந்தது. நாய் சிவப்புத் தடிகளுக்கு இடையால் உள்ளே ஓடியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் ஓடினார். தார் விளிம்பைத் தாண்டி, தடிகளைத் தாண்டி, அவர் பாட்டுக்கு ஓடினார். "அண்ணை, நில்லுங்கோ! அசையாதேங்கோ!" என்று டிரைவர் கத்திய குரலை நான் கேட்டேன். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. என் கண் நாயின்மேலே இருந்தது. அது நன்றாக உள்ளே போய், ஒரு பற்றைக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி என்னைத் தேடியது. என்னைக் கண்டுவிட்டது. வாலை ஆட்டியது.

கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் வரும். அது ஒருநாளும் நேராக வந்ததில்லை. அங்கே மோந்து, இங்கே பாய்ந்து, சுற்றிச் சுழன்றுதான் வரும். கூப்பிடாவிட்டாலும் வரும், அல்லது இன்னும் உள்ளே போகும். எது செய்தாலும் அதன் கால் அந்த நிலத்தில் படும்.

என் கைகள் தாமாக உயர்ந்தன. இரண்டு பக்கமும், தோள் மட்டத்தில், நேராக.

நாய் குந்தி இருந்துவிட்டது.

மொட்டை மாடியில் நான் சறுக்கும்போது அது குறுக்கே ஓடி ஒருமுறை என்னை விழுத்திவிட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை கட்டோடு திரிந்தேன். அதன்பிறகு அதற்கு நான் பழக்கிய ஒரே ஒரு பாடம் இது. நான் கைகளைப் பக்கவாட்டில் நீட்டித் தொடங்கினால் அது இருக்க வேண்டும். கைகள் கீழே இறங்கும்வரை அசையக் கூடாது. இறங்கியதும் ஓடிவந்து முழங்காலை நக்கலாம். இதைப் பழக்க எத்தனை பிஸ்கட் செலவானது என்று கணவர் அப்போது பகிடி பண்ணினார்.

அவர் என்ன ஆனார் என்று பிறகுதான் பார்த்தேன். தடிகளுக்கு அந்தப் பக்கம், உள்ளே சில அடி தூரத்தில், ஒற்றைக் காலைப் பாதி தூக்கியபடி நின்றார். "வந்த அடியிலையே காலை வைச்சுத் திரும்புங்கோ அண்ணை. பாத்துப் பாத்து" என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். நசுங்கிய புல்லைத் தேடித் தேடி அவர் திரும்பி வந்தார். தாருக்கு வந்ததும் குந்திக்கொண்டார். அவருடைய முகத்தில் பயத்தை நான் அன்றுதான் முதலில் கண்டேன். எனக்கு அவரிடம் போகக் கைகளை இறக்க வேண்டும். நான் போகவில்லை.

கொஞ்சம் முன்னால் வேலை நடக்கிறது, வாகனமும் கூடாரமும் கண்டேன் என்று சொல்லி டிரைவர் வானை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேரும் றோட்டோரம் நின்றோம். உச்சி வெயில். கையை நீட்டிக்கொண்டு நிற்பது என்னவோ சின்ன வேலை என்று நினைப்பீர்கள். நின்று பாருங்கள். முதலில் தோள் எரியும். பிறகு விரல்கள் விறைக்கும். பிறகு கைகள் நம்முடையவை இல்லை என்பதுபோல அவை பாட்டுக்கு நடுங்கும். கடந்துபோன பஸ்களில் யன்னலால் தலைகளை நீட்டிப் பார்த்தார்கள். மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, "அம்மாவுக்கு என்ன சுகமில்லையோ?" என்று கேட்டார்.

"நாயை இருத்தி வைச்சிருக்கிறா" என்றார் கணவர்.

அந்த மனிதர் வெளியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு நின்றார்.

கணவர் எனக்குப் பின்னால் வந்து, என் முழங்கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அவருடைய நெஞ்சு என் முதுகில் அடிப்பது தெரிந்தது. "விழுத்திப்போடாதேங்கோ" என்றேன். "இல்லை, பிடிச்சிருக்கிறன்" என்றார். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டு இருந்தது. ஒரு வெட்டுக்கிளி பாய்ந்தபோது அதன் தலை திரும்பியது. நான் விரல்களை இன்னும் விரித்தேன். திரும்பவும் என்னைப் பார்த்தது. செத்துவிடாதே என்று மனதுக்குள் அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மிதிவெடி அகற்றுகிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பொறுப்பாக இருந்தவள் ஒரு இளம் பெண், பளைப் பக்கத்தவள். கனத்த நீலக் கவசமும், நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட முகக் கண்ணாடியும் போட்டிருந்தாள். நாயைப் பார்த்துவிட்டு, "கையை விடாதேங்கோ அக்கா" என்றாள். பிறகு தள்ளி நின்று போனில் மேலிடத்தோடு நெடுநேரம் கதைத்தாள். துப்புரவு செய்யாத நிலத்துக்குள் மனிதர் யாரும் போக முடியாது என்றார்கள். நாய்க்காகப் போகச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவர்கள் துப்புரவு செய்து முடித்த ஒடுக்கமான பாதை ஒன்று, பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போகிற பாதை, அந்தப் பக்கமாகத்தான் போய் முடிந்தது. அதன் நுனியில் நின்றால் நாய்க்கும் எனக்கும் இடையில் ஒரு வீட்டு முற்றத்தளவு தூரம்தான் இருக்கும்.

"அதிலை வந்து நிண்டு கையை விடுங்கோ. மிச்சத் தூரத்திலை என்ன இருக்கெண்டு நாங்கள் ஒண்டும் சொல்லேலாது" என்றாள்.

கைகள் நீட்டியபடியே இருக்க, அவளும் கணவரும் முன்னாலிருந்து எனக்குக் கவசத்தைப் பூட்டினார்கள். முகக் கண்ணாடியை அவள் என் தலையில் வைத்து இறக்கியதும் நாய் எழும்பிவிட்டது. என் முகத்தைக் காணவில்லை. யாரோ என்று நினைத்துவிட்டது. காதை நிமிர்த்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கியது. "கண்ணாடியைக் கழட்டுங்கோ" என்று அழுதேன். "கழட்ட ஏலாது அக்கா" என்றாள். பிடிவாதக்காரி. அவள்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வேறு வழி தெரியாமல், செருப்புக் காலோடு, அந்தத் தாரில், ஒரு முழங்காலை மடித்து மற்றக் காலைப் பின்னால் உயர்த்தினேன். ஒற்றைக் காலில் வழுக்கும்போது நிற்கிற நிலை. இந்தக் கோமாளித்தனத்தைச் செய்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் என்று நாய்க்குத் தெரியும். அது திரும்பவும் இருந்தது.

பாதையால் நடந்தோம். அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. இரண்டு பக்கமும் சிவப்புத் தடிகள். பாதை அவ்வளவு ஒடுக்கம். என் கால்கள் துப்புரவான நிலத்தில் இருந்தன. கைகள் இரண்டும் மற்ற நிலத்துக்கு மேலே இருந்தன. நுனிக்கு வந்ததும் அவள் என்னைக் குந்தி இருக்கச் சொன்னாள். "நாய் கிட்ட வரேக்கை முகத்தைக் கீழை குனியுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தான் பின்னுக்குப் போனாள். அவள் போன பிறகு அந்த வெளியில் நானும் நாயும் மட்டும்.

அதுவரை, கையை உயர்த்தி வைத்திருப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இப்போது இறக்க முடியவில்லை. கை மேலே இருக்கும்வரை அது உயிரோடு இருக்கிறது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதன் மடிந்த காதைப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தேன். இப்படியே பொழுது படும்வரை இருந்துவிடலாம் என்று பைத்தியக்காரத்தனமாக யோசித்தேன். வெயிலில் அது வாடத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் நிழல் தேடி அதுவாக எழும்பிப் போகும். போகிற திசை என் கையில் இருக்காது.

கைகளை இறக்கினேன்.

வந்தது. நான் பயந்தபடியே நேராக வரவில்லை. இரண்டு பாய்ச்சல் பாய்ந்து, நின்று, மோந்து, இடப் பக்கம் போய், ஒரு சிவப்புத் தடியைக் கண்டுபிடித்து, காலைத் தூக்கியது. முறிகண்டியில் போக வேண்டியதை அங்கே ஆறுதலாகப் போய் முடித்தது. அதுவரை அதற்காகக் கெஞ்சிக்கொண்டிருந்த நான் அந்தக் கணம் அதைக் கொன்றிருப்பேன். பிறகு துள்ளிக்கொண்டு வந்து என் கவசத்தில் மோதி, வழக்கம்போல முழங்காலை நக்கியது. குனியச் சொன்னது நினைவிருக்கவில்லை. அதன் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது.

கொடிகாமம் வரை வானில் நாயின் பட்டி வாரைக் கணவர் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். இணுவில் வந்து சேர்ந்து, வீட்டைக் கூட்டிக் கழுவி, அடுப்பு மூட்டி, ஒரு மாதிரியாகக் குடியேறினோம். அந்தப் பகலைப் பற்றி இருவரும் அதிகம் பேசவில்லை. பேசினாலும் நாயைப் பற்றித்தான். அது கையைப் பார்த்து இருந்ததையும், தடியில் காலைத் தூக்கியதையும் வருகிறவர்களுக்குச் சொல்லிச் சிரிப்போம். சிரித்த பிறகு எனக்கு நித்திரை வராது. அது வந்த வழியில் என்ன இருந்தது என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பெண்ணின் இலக்கத்தை அன்று வாங்கியிருந்தேன். அந்த இடத்தைத் துப்புரவு செய்து முடித்தால் சொல்லும்படி கேட்டிருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து, கணவர் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் போன் எடுத்தாள். "அக்கா, உங்கடை நாய் இருந்த இடமும் வந்த இடமும் முடிச்சிட்டம். ஒண்டும் இல்லை. வெறும் நிலம்" என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டு, குசினிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "கேட்டியளோ, ஒண்டும் இருக்கேல்லையாம். சும்மா பயந்திருக்கிறன்."

அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"நான் நிண்ட இடம்?" என்றார்.

இத்தனை மாதத்தில் நான் அதைக் கேட்கவில்லை. அவளிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. தூக்கிய காலோடு அவர் நின்ற அந்தச் சில அடி நிலம் என் யோசனையிலேயே வந்ததில்லை. அவர் அங்கே வைத்த ஒவ்வொரு அடியையும் இத்தனை மாதமும் தனியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குத் திரும்ப அழைத்தேன்.

"றோட்டுக்குக் கிட்ட இருக்கிற அந்தத் துண்டோ?" என்றாள். "அது இன்னும் தொடங்கேல்லை அக்கா."

அவருக்குச் சொன்னேன். "ஓம்" என்று தலையாட்டிவிட்டு எழும்பிக் கை கழுவப் போனார். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு அப்படியே இருந்தது.